தோட்டத்து மண்டபமும் வாய்விட்டுப் படிக்கும் தமிழும்



ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மொழியியல் படித்தவனுக்கு வேறு தொடக்கம் வாய்ப்பதில்லை. அச்சொல் 'அரங்கேற்றம்'. இன்று சிரம்பானில் ஒருவர் கையில் அரங்கேற்ற அழைப்பிதழைக் கொடுத்தால், "யார் வீட்டுப் பெண்?" என்றுதான் கேட்பார். சலங்கையும் சதங்கையும் அவர் நினைவுக்கு வரும், நூல் வராது. ஆனால் அச்சொல் நெடுங்காலம் நூலுக்கும் உரியதாக இருந்தது. பெரியபுராணம் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது. கந்தபுராணம் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறியது. கம்பரின் இராமகாதை திருவரங்கத்தில் அரங்கேறியது என்று மரபு கூறும். இவற்றுள் வரலாறு எவ்வளவு, செவிவழிச் செய்தி எவ்வளவு என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். இக்கதைகள் யாவும் ஒன்றை உடன்படுகின்றன. ஏட்டில் எழுதி முடித்ததால் மட்டும் ஒரு நூல் நூலாகிவிடவில்லை. மண்டபத்தில் அது குரலாக ஒலிக்க வேண்டும். கேட்டவர் தடை எழுப்ப வேண்டும். பாடியவர் விடை கூற வேண்டும். அதன் பின்னரே அது ஊருக்குரிய நூலாயிற்று.

இன்று நாம் நூலை அரங்கேற்றுவதில்லை, வெளியிடுகிறோம். நம் நாட்டு நூல் வெளியீட்டு விழாக்கள் பலவற்றில் நான் அமர்ந்திருக்கிறேன். சிலவற்றுக்குத் தலைமையும் தாங்கியிருக்கிறேன். ஆகவே குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. குத்துவிளக்கு ஏற்றப்படும். தமிழ் வாழ்த்துப் பாடப்படும். முதல் நூலைப் பெறுபவர், இரண்டாம் நூலைப் பெறுபவர் என்று வரிசை நீளும். உறை கைமாறும். ஐவர் வாழ்த்துவர். இரண்டரை மணி நேரத்தில், வெளியிடப்பட்ட அந்நூலிலிருந்து ஒரு பக்கத்தைக்கூட எவரும் வாய்விட்டுப் படித்திருக்க மாட்டார்கள். விழாவில் பேசாதிருந்தது அந்நூல் ஒன்றுதான்.

நான் ரந்தாவ் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அங்கே மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் தகரக் கூரை வேய்ந்த ஒரு மண்டபம் இருந்தது. சுவர் இல்லை, எட்டுத் தூண்கள், சிமெண்டுத் தரை. திருமணம், பஞ்சாயத்து, தொழிற்சங்கக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் அதுவே இடம். புரட்டாசி மாதத்தில் அங்கே இராமாயணம் படிப்பார்கள். தீமிதிக்கு முன் பாரதம் படிப்பார்கள். வேறு நாட்களில் நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் பெரிய எழுத்துப் புத்தகத்திலிருந்து ஒலிக்கும். ஒருவர் இராகம் போட்டுப் படிப்பார். அடுத்தவர் பொருள் சொல்வார். இந்த இரண்டாமவரைப் பற்றித்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் பொருள் சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். காலையில் பால்மரம் வெட்டுபவர். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் இடம் வரும்போது, அந்தக் கிணறு தோட்டத்துக் கிணறாகிவிடும். மூளி அலங்காரி எங்கள் லயத்துப் பெண்ணைப் போலப் பேசுவாள். படித்தவர் வாயில் செய்யுள் வழக்கு. பொருள் சொன்னவர் வாயில் தோட்டத்துப் பேச்சு வழக்கு. இரண்டும் ஒரே மேடையில், ஒரே பாயில், மாறி மாறி ஒலித்தன.

சார்லஸ் ஃபெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியலாளர் 1959இல் இரட்டை வழக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரே மொழியில் உயர்வழக்கு, தாழ்வழக்கு என இரண்டு நிலவும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடமுண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பேசினால் நகைப்புக்கு இடமாகும் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாகப் படித்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. எங்கள் மண்டபத்தில் இரண்டும் ஒரே இடத்தில்தானே ஒலித்தன? எவரும் நகைக்கவில்லையே? அந்த ஐயத்தை நான் வகுப்பில் கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்தவன் என்று காட்டிக்கொள்ள அன்று எனக்குத் துணிவில்லை.

1980களின் நடுப்பகுதியில், என் முனைவர் பட்ட ஆய்வுக்காக, ஓர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சிலியாவ், லிங்கி, லாபு வட்டாரத் தோட்டங்களில் அலைந்தேன். ஒரு மூதாட்டி ஒப்பாரி பாட ஒப்புக்கொண்டார். ஆனால் வீட்டில் பாட மாட்டேன் என்றார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைப்பது ஆகாது. லயத்தைக் கடந்து, மரங்களுக்கிடையே என்னை அழைத்துச் சென்று, அங்கே அமர்ந்து பாடினார். முக்கால் மணி நேரம். சயாம் இரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத தம் அண்ணனைப் பற்றிய பாட்டு அது. பாடி முடித்துக் கண்களைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

"இத எங்க தம்பி போட்டுக் காட்டப் போறீங்க?"

"பல்கலைக்கழகத்துல, பாட்டி."

"அங்க யாரு செத்துட்டாங்க?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அந்தப் பாட்டை ஒலியன்களாகவும் உருபன்களாகவும் பிரித்தேன். ழகரம் எங்கே ளகரமாயிற்று, 'கொண்டு' என்பது எவ்விடத்தில் 'கிட்டு' ஆயிற்று என்றெல்லாம் அட்டவணை போட்டேன். பட்டமும் பெற்றேன். ஒலிநாடா என் வீட்டு அலமாரியில் இருந்தது. நம் நாட்டு ஈரக்காற்றில் ஒலிநாடாவுக்கு என்ன நேரும் என்பது உங்களுக்குத் தெரியும். பத்தாண்டு கழித்து எடுத்துப் பார்த்தபோது பூஞ்சணம் பிடித்திருந்தது. ஆய்வேட்டில் அட்டவணைகள் பத்திரமாக உள்ளன. அந்தக் குரல் இல்லை. அத்தோட்டத்து மக்களுக்கு ஒருமுறையேனும் நான் அதைப் போட்டுக் காட்டவும் இல்லை.

அந்த மூதாட்டியின் கேள்வியை அன்று வெகுளித்தனம் என்று எண்ணினேன். அது மொழியியலின் நுட்பமான கேள்வி என்பதை உணர எனக்கு ஓய்வுக் காலம் வர வேண்டியிருந்தது. ஒரு சொற்கோவை எங்கே, எவரிடம், எந்தப் பொழுதில் ஒலிக்கிறது என்பதும் அதன் பொருளின் பகுதியே என்றுதான் அவர் சொன்னார்.

இனி நம் இடங்களைப் பார்ப்போம். நெகிரி செம்பிலானில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. சிரம்பானைச் சுற்றித் தோட்டங்களாக இருந்த நிலங்களில் இன்று புதுநகரங்கள் நிற்கின்றன. மக்கள் லயங்களை விட்டுச் சிதறினர். நம் மாநிலத்தில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; அவற்றுட் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்டம் போய்விட்டது, பள்ளிப் பெயரில் மட்டும் 'லாடாங்' இருக்கிறது. பெயராய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு நல்ல பொருள் இது. யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

பள்ளிப் பெயரைப் போலவே எஞ்சியிருப்பது கோயில். தோட்டம் கைமாறிய பின்னும் பல இடங்களில் மாரியம்மனும் முனீசுவரரும் மதுரைவீரனும் இருக்கின்றனர். அவர்களுக்கு முன்னால் ஒரு மண்டபமோ திடலோ இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு, கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பழைய தோட்டத்தார் குடும்பத்தோடு வந்து கூடுகின்றனர். பேரப்பிள்ளைகளுக்கு, "இங்கதான் நம்ம லயம் இருந்துச்சு" என்று செம்பனைக் காட்டைக் காட்டுகின்றனர். இலக்கியக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்று நாம் வருந்துகிறோம். ஆள் அங்கே வந்து கூடியிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் போவதில்லை.

அங்கே இப்போது என்ன நடக்கிறது? உறுமி மேளம் உண்டு, நல்லதுதான். நடனம் உண்டு. திரைப்பாடல் உண்டு, அதன் ஓசை மூன்று மைல் கேட்கும். உபயகாரர்களுக்கு மாலை உண்டு. வாய்மொழி இலக்கியத்துக்கு மட்டும் இடம் போய்விட்டது. பாரதம் படித்தவர்கள் மறைந்தனர். பொருள் சொன்னவர்கள் அவர்களுக்கும் முன்னரே மறைந்தனர். அந்தக் காலியிடத்தில் நம் காலத்துச் சிறுகதையையும் கவிதையையும் நினைவுக் குறிப்பையும் கொண்டுபோய் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பட்டிமன்றமும் கவியரங்கமும் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய பின் அவை தமிழ்நாட்டில் வேரூன்றிப் பரவின. நம் நாட்டிலும் அரங்கு நிறைகிறது. ஆனால் பட்டிமன்றத்தில் நாம் கேட்பது நூலைப் பற்றிய பேச்சு. நூலின் குரலைக் கேட்பது வேறு.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கு. அழகிரிசாமி 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் தமிழ் நேசனில் பணியாற்றினார். இங்கிருந்த இளம் எழுத்தாளர்களைக் கூட்டிப் படைப்புகளைப் பற்றிக் கலந்து பேசும் வழக்கத்தை அவர் ஊக்குவித்தார். அவருடைய ஊர்த்தோழர் கி. ராஜநாராயணனோ கரிசல் மண்ணின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்ததோடு நில்லாமல், வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றையும் தொகுத்தார். பேச்சு வழக்குக்கு அகராதி எதற்கு என்று கேட்ட புலவர்கள் உண்டு. இன்று அந்த அகராதியைப் புலவர்களே புரட்டுகின்றனர்.

மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து இன்றும் ஆடப்படுகிறது. தேயிலைத் தோட்டத்து மக்களே ஆடுகின்றனர், பாடுகின்றனர். யாழ்ப்பாணத்தில் 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். நகரத்து அரங்கில் கட்டணச் சீட்டு வாங்கிப் பார்த்திருக்க மாட்டாத மக்கள் தங்கள் ஊரிலேயே அதைப் பார்த்தனர். திருவண்ணாமலையில் பவா செல்லதுரை கையில் தாள் இல்லாமல் பிறர் எழுதிய சிறுகதைகளை மக்கள் முன் சொல்கிறார். கேட்டவர்கள் பிறகு அந்நூலைத் தேடிப் படிக்கின்றனர்.

இவற்றினும் எனக்கு வியப்பளித்தது 2017இல் வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதியதை டி. எம். கிருஷ்ணா பாடினார். எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றிய பாட்டு. புறம்போக்கு என்பது நிலவரி ஆவணச் சொல். தனியொருவருக்கு உரிமையில்லாத பொது நிலம். பேச்சில் அது வசைச்சொல்லாக இழிந்தது. அந்த வசைச்சொல்லையும் சென்னைப் பேச்சையும் கருநாடக இசைக்குள் வைத்துப் பாடியபோது, மரபிசை கேட்டுப் பழகிய செவிகள் முதலில் திடுக்கிட்டன, பிறகு கேட்டன. மரபு மேடை என்பது பூட்டிய அறையன்று. யார் சாவியைக் கொண்டு வருகிறார், எவ்வளவு பயிற்சியோடு வருகிறார் என்பதே கேள்வி. பயிற்சி என்னும் சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பாடகர் இசையில் தேர்ந்தவர் என்பதால்தான் அந்தப் பாட்டு நின்றது.

அண்டை வீட்டையும் பார்ப்போம். நம் மாநிலத்து மலாய் மக்கள் அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபினர். அவர்களுடைய வழக்காறுகள் 'பெர்பிலாங்கான்' என்னும் ஓசைநயம் மிக்க வாய்மொழித் தொடர்களில் காக்கப்பட்டு வந்தன. சட்டத்தையே பாட்டாக மனத்தில் வைத்திருந்த மக்களிடையே நாம் நூறாண்டுக்கு மேலாக வாழ்கிறோம். பந்துன் 2020இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நம் தோட்டத்துத் தாலாட்டையும் விடுகதையையும் எந்தப் பட்டியலிலும் சேர்க்க நான் கேட்கவில்லை. தொல்காப்பியர் முன்பே சேர்த்துவிட்டார். செய்யுளியலில் பிசியும் முதுமொழியும் பண்ணத்தியும் இடம்பெற்றுள்ளன. இலக்கணம் ஏற்றுக்கொண்டதை ஏற்கக் கூசுவோர் பின்வந்த நாமே.

இதை நான் சொல்லும்போது எழும் தடைகளையும் கூற வேண்டும். ஒரு கோயில் நிருவாகத்தினரை அணுகியபோது, கள்ளுக்கடை வரும் கதையைக் கோயில் மண்டபத்தில் படிக்கலாமா என்று கேட்டனர். கேட்டதில் தவறில்லை. இரண்டு பதில்கள் சொன்னேன். கருவறை முன்னுள்ள மகாமண்டபத்தில் வேண்டா. வெளிமண்டபத்தில் வைத்துக்கொள்வோம் என்பது ஒன்று. நல்லதங்காள் கதையும் அரிச்சந்திரன் மயான காண்டமும் அங்கே நடந்தவைதாமே என்பது மற்றொன்று. முதலாவதை ஏற்றனர், இரண்டாவதற்குப் புன்னகைத்தனர். ஆயினும் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகலாம் என்று நான் வாதிட மாட்டேன். அந்த மூதாட்டியின் ஒப்பாரியைத் திருவிழா மண்டபத்தில் பாடக்கூடாது; பாடினால் முதலில் எழுந்து போகிறவர் அவராகத்தான் இருப்பார். இடத்தின் முறைமை அறியாத துணிவு அங்கே உதவாது.

மற்றொரு தடை ஆசிரியர்களிடமிருந்து வருவது. பேச்சு வழக்கை மேடையேற்றினால் மாணவரின் எழுத்துத் தமிழ் கெடாதா? முப்பதாண்டு இதைக் கேட்டு வந்திருக்கிறேன். தொடக்கத்தில் நானும் கெடும் என்று நம்பினேன். இப்போது நம்பவில்லை. 'மங்கு' என்று பாட்டி சொல்வதையும் 'கிண்ணம்' என்று பாடநூல் சொல்வதையும் ஒருசேரக் கேட்கும் பிள்ளைக்கு எது எங்கே பொருந்தும் என்னும் தெளிவு வருகிறது. ஒன்றை மட்டும் கேட்பவனுக்கே தடுமாற்றம். தீம்பார், கோட்டுப்பால், காண்டா வாளி, ஆயாக் கொட்டகை, கித்தா, பிரட்டு, நெரை: இச்சொற்களில் மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்திருக்கின்றன, நம் முன்னோரின் உழைப்பு முழுவதும் இவற்றில் இருக்கிறது. இன்று இடைநிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டால் ஏழில் இரண்டு தெரிந்தால் பெரிது. அகராதியில் ஏற்றினால் சொல்லின் பொருள் நிற்கும். அது வாழ்வதற்கு வாய் வேண்டும்.

செயல்முறையைப் பற்றிச் சில சொற்கள். போட்டியாக நடத்தாதீர்கள். நம் பிள்ளைகள் கதை சொல்லும் போட்டிக்கும் கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்கும் பழகிப் பழகி, பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை ஒரே சொல்லில் ஒரே கையை உயர்த்துகின்றனர். குரலில் செயற்கை ஏறிவிட்டது. மண்டபத்தில் தாளைப் பார்த்தே படிக்கட்டும், அமர்ந்து படிக்கட்டும். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டா. பூசை முடிந்து அன்னதானம் தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரமே உகந்தது; பசி எடுத்தால் கூட்டம் கேட்கும், மிகப் பசித்தால் கேட்காது. ஒலிபெருக்கியின் எதிரொலியைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் நீங்கள் பெரும்பாடு பட வேண்டியிருக்கும். பெரியவர்களிடம் கேட்டு எழுதியதாயின், யாரிடம் கேட்டீர்களோ அவரை முன்வரிசையில் அமரவையுங்கள். படிக்கலாமா என்று அவரிடம் முன்பே கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அது.

இரண்டாண்டுக்கு முன், ரந்தாவ் பக்கத்துக் கோயில் ஒன்றின் திருவிழாவில் இவ்வாறு ஒருமுறை நடந்தது. படிவம் நான்கில் படிக்கும் மாணவி ஒருத்தி, தன் பாட்டியைப் பற்றித் தானே எழுதியதைப் படித்தாள். நல்ல தமிழ், திருத்தமான உச்சரிப்பு. "அதிகாலையில் பாட்டி மரத்திலிருந்து பாலைச் சேகரித்தார்" என்று ஒரு வரி வந்தது. தூணோரம் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் கையை உயர்த்தினார். மாணவி திகைத்து நிறுத்தினாள்.

"காலையில வெட்டுறதுதான் பாப்பா. பால் எடுக்கிறது வெயில் ஏறினப்புறம்."

"மன்னிச்சிருங்க பாட்டி. திருத்திக்கிறேன்."

"மன்னிப்பு எதுக்கு? நீ படி. இல்ல, கொஞ்சம் இரு, நான் சொல்றேன்."

அவர் சொல்லத் தொடங்கினார். விடியுமுன் எழுந்து தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போனது, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டது, மழை பிடித்தால் மங்கில் தண்ணீர் விழுந்து அன்றைய கூலி போனது. வேறொருவர் இடைமறித்து மற்றொரு நெரையைப் பற்றிச் சொன்னார். அதை மறுத்து மூன்றாமவர் எழுந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் கைப்பேசியை மடக்கி வைத்தனர். மாணவி தரையில் அமர்ந்து, தன் தாளின் பின்புறத்தில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நிமிடத்துக்குத் திட்டமிட்டது ஒரு மணி நேரத்தைக் கடந்தது. அன்னதானக் கூடத்திலிருந்து சமையற்காரர் இருமுறை எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை கரண்டியோடு நேரே என்னிடம் வந்து, சாம்பார் ஆறிப் போகிறது என்று கடிந்துகொண்டார். சற்றுப் பொறுங்கள் என்றேன். அவரும் அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து நின்று கேட்கத் தொடங்கினார்.